காலுக்கு ஓரிடம்: பாலாற்றங்கரைச் சாலைகளில் மிதிபடியின் கதை

வண்டியில் ஏறக் கால் வைக்கும் படி, ஏறி அமர்ந்தபின் கால் ஊன்றும் பலகை, பின்சீட்டில் ஒருபக்கமாக உட்காருபவரின் பாதம் தாங்கும் தகடு ஆகிய மூன்றையும் மிதிபடி என்றே சொல்லலாம். ஜட்கா வண்டியில் அது ஓர் இரும்புப் படி. பழைய மோட்டார் காரில் முன் மட்கார்டிலிருந்து பின் மட்கார்டு வரை ஓடிய நீளப் பலகை. பஸ்ஸில் ஃபுட்போர்டு, மோட்டார் சைக்கிளில் லேடீஸ் ஃபுட்ரெஸ்ட். வண்டியின் மற்ற உறுப்புகளைச் செய்தவர் எங்கோ இருந்தார். காலுக்கான இடத்தை மட்டும் பெரும்பாலும் வண்டி ஓடுகிற ஊரின் பட்டறைக்காரர்தான் தீர்மானித்தார். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் ஊர்களில் இந்தச் சிறு உறுப்பு எப்படியெல்லாம் மாறியது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், அந்த ஊர்களில் யார் எந்த வண்டியில் எதற்காகப் போனார்கள் என்பதும் கூடவே தெரிய வரும்.

பாரம் ஏற்றும் மாட்டுவண்டிக்குத் தனியாக மிதிபடி கிடையாது. சக்கரத்தின் குடத்தில் ஒரு காலை வைத்து, முளைக்குச்சியைப் பிடித்து, ஒரே எட்டில் மேலே போய்விடுவார்கள். வயதானவர்களுக்குக் கீழே ஒரு முக்காலி. தோல் மண்டிக்கு உப்புத் தோலும், தோல் ஷாப்புக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுமந்த வண்டிகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. தோல் பதனிடும் இடத்தை இந்தப் பகுதியில் ‘ஷாப்பு’ என்பதே வழக்கம். செருப்புக் கடை என்று வெளியூர்க்காரர் நினைத்துவிடக் கூடாது. ஆவாரம்பட்டையில் பதமான மாட்டுத்தோல் ‘கிழக்கிந்திய கிப்ஸ்’ என்ற பெயரில் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போனது. பாரம்தான் அந்தச் சாலைகளின் பெரிய தொழில். ஆட்கள் நடந்தார்கள்.

ஆட்களுக்கான வண்டிக்கு வேலை வந்தது ரயிலால். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காடு நிலையத்துக்கு ஓடியது. ஆற்காடு என்று பெயர் வைத்தார்களே தவிர, நிலையம் இருந்தது பாலாற்றின் மறுகரையில், இன்றைய வாலாஜா ரோட்டில். பாதை அடுத்த சில ஆண்டுகளில் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டு 1860களின் தொடக்கத்தில் மலபார்க் கரையைத் தொட்டது. ரயில் நிலையம் ஓரிடத்தில், ஊர் ஓரிடத்தில் என்பது இந்தப் பாதையின் பல நிலையங்களுக்குப் பொது. வேலூருக்குப் போகக் காட்பாடியில் இறங்கி ஆற்றைக் கடக்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் ஜட்கா பிழைத்தது.

ஜட்காவில் பின்பக்கமாக ஏற வேண்டும். வண்டியின் அடியிலிருந்து ஒரு கம்பி இறங்கி, நுனியில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாகியிருக்கும். ஏறுபவர் அதில் கால் வைத்ததும் அவருடைய மொத்த எடையும் அச்சுக்குப் பின்னால் விழும். இரண்டே சக்கரம் கொண்ட வண்டி என்பதால் பின்பக்கம் தாழ்ந்து, முன்னால் ஏர்க்கால் இரண்டும் மேலே எழும்பும். எழும்பாமல் பிடித்து வைத்திருப்பது குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டிய தோல் வார். அந்த வார் நைந்து அறுந்தால் ஏறுபவர் தரையில், ஏர்க்கால் அந்தரத்தில். வண்டிக்காரர் கீழே இறங்கி நின்று ஏர்க்காலைக் கையால் அழுத்திக்கொள்வதும், ஏறியவரை உடனே ‘முன்னாடி தள்ளி உக்காருங்க’ என்று விரட்டுவதும் இதனால்தான். மரியாதைக் குறைவு என்று கோபித்துக்கொண்ட பயணிகள் உண்டு. வண்டிக்காரர் கவலையெல்லாம் எடைக் கணக்கு.

மிதிபடி இரும்பாக இருந்தாலும் அதைப் பயன்பட வைத்தது தோல். அந்த வாரும் கடிவாளமும் கண்பட்டையும் உள்ளூர்த் தோலில் உள்ளூரில் தைக்கப்பட்டவை. லண்டனுக்குப் போகும் கிப்ஸ் மெல்லியது, செருப்பின் மேல்தோலுக்கும் உள்பட்டைக்கும் ஏற்றது. வண்டி வாருக்குத் தடித்த எருமைத்தோல் வேண்டும். கிராமத்தில் கிணற்றுநீர் இறைக்கும் கவலை ஏற்றத்தின் தோல்பையைத் தைத்துக் கொடுத்த அருந்ததியக் குடும்பங்களின் கைவேலைதான் இந்த வாருக்கும் தேவைப்பட்டது. ஏற்றுமதித் தோலைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. குதிரை வயிற்று வாரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

மோட்டார் கார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் தலைகாட்டியது. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் குடியாத்தம் சாலையில் நடத்திய சாலையோர மருத்துவத்துக்கு முதலில் மாட்டுவண்டியில் போய், பிறகு பூஜோ கார் ஒன்றைப் பயன்படுத்தினார். அந்தக் காலத்துக் கார்களின் உடல் குறுகலாகவும் தரையிலிருந்து உயரமாகவும் இருக்கும். மட்கார்டுகள் வெளியே தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மட்கார்டுக்கும் நடுவே விழுந்த வெற்றிடத்தை ஒரு பலகையால் மூடியபோது பிறந்ததுதான் ரன்னிங் போர்டு. ஏறுவதற்கு அது படி. ஏறிய பின் பெட்டி, பெட்ரோல் டின், ஸ்டெப்னி எல்லாவற்றையும் கட்டி வைக்கும் பரண். 1930களின் பிற்பகுதி தொடங்கி கார் உடல்கள் அகன்று மட்கார்டைத் தமக்குள் விழுங்கிக்கொண்டன. பலகைக்கு இடமில்லாமல் போனது. 1950களின் இறுதியில் வந்த அம்பாசடருக்கு அது கிடையாது. ஜீப்புக்கும் அதன் வழிவந்த உயரமான வண்டிகளுக்கும் மட்டும் பக்கவாட்டுப் படி மீண்டும் தேவைப்பட்டது. பல வண்டிகளில் அதைக் குழாயிலும் கட்டம் போட்ட தகட்டிலும் பட்டறைகளே செய்து மாட்டின.

பஸ்ஸின் கதை கொஞ்சம் வேறு. தொடக்ககால பஸ்களின் சேஸிஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதன்மேல் மரச்சட்டமும் தகர உடலும் கட்டியது இங்குள்ள பாடி பில்டர்கள். ஆகவே படியின் உயரம், அகலம், எண்ணிக்கை எல்லாம் தச்சர் முடிவு செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு ஒன்றைப் பொருத்தி, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். வண்டி வாங்கிய பின் மாட்டிய உதிரிகளிலேயே இதைவிடப் பெரியது தமிழ்நாட்டுச் சாலையில் ஓடியிருக்க முடியாது. பின்னாளில் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் இயங்கிய காலத்திலும், அதன் பெயர் மாறிய பிறகும், ஃபுட்போர்டு என்ற சொல்லுக்கு மக்கள் வழக்கில் ஒரே பொருள்தான்: தொங்கிக்கொண்டு போகிற இடம்.

மிதிபடியின் வரலாற்றில் செறிவான பகுதி இரண்டு சக்கர வண்டிகளோடு தொடங்குகிறது. என்பீல்டு நிறுவனம் 1955இல் சென்னையில் தொடங்கப்பட்டது. ஜாவா மைசூரிலிருந்து வந்தது. இந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் கால்சட்டை போட்டவர் இருபுறமும் காலைப் போட்டு உட்காரும் கணக்கில் வரையப்பட்டவை. பின்சீட்டுக்காரருக்குப் பக்கத்துக்கு ஒரு குட்டைக் கம்பி, அதன்மேல் ரப்பர். அதில் சேலை கட்டியவர் ஒருபக்கமாக, இடப்புறம் பார்த்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒரு கால் கம்பியில் நிற்கும், இன்னொரு கால் அந்தரத்தில் ஆடும். சேலையின் கொசுவமும் முந்தானையும் நேரே பின்சக்கரத்தின் ஆரக்கம்பிக்கு எதிரில் தொங்கும். சாலையின் இடதுபக்கம் செல்லும் நாட்டில் இடதுபுறம் பார்த்து உட்காருவதே இயல்பு, இறங்கும்போது சாலை ஓரத்தில் இறங்கலாம். சூடான சைலன்சர் பெரும்பாலான வண்டிகளில் வலப்புறம் இருந்தது ஒரு நல்லூழ். ஆனால் செயின் இடப்புறம்.

இதற்கான தீர்வு வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல என்றாலும், அதற்கு ஒரு மூத்த உறவு அங்கே உண்டு. 1890களில் ஐரோப்பியப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கியபோது நீளப் பாவாடை பின்சக்கரத்தில் சிக்காதிருக்க, மட்கார்டிலிருந்து அச்சு வரை நூலால் வலை பின்னிக் கட்டினார்கள். அங்கே ஓட்டுபவருக்குத் தேவைப்பட்டது, இங்கே பின்னால் அமர்பவருக்குத் தேவைப்பட்டது. நூலுக்குப் பதில் இரும்புக் கம்பி. சேலை கார்டு என்றும் சாரி கார்டு என்றும் பெயர் பெற்றது.

அதை மாட்டும் விதத்தை ஒருமுறை அருகிலிருந்து பார்க்க வேண்டும். வளைத்த கம்பிச் சட்டம், நடுவில் நெருக்கமான குறுக்குக் கம்பிகள், மேலே குரோமியப் பூச்சு. பின்பக்க ஷாக் அப்சார்பரின் மேல் நட்டைக் கழற்றி, அந்த போல்ட்டிலேயே சட்டத்தின் மேல் காதை நுழைத்து, வாஷர் போட்டு மறுபடி முடுக்குவார் மெக்கானிக். கீழ்க்காது பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட்டின் தண்டோடு கிளாம்ப்பில் சேரும். சட்டத்தின் அடியில் ஒரு சாண் நீளத் தகடு, மேலே வரிவரியான ரப்பர், தேவையில்லாதபோது மடக்கிவிட ஒரு கீல். இதுதான் லேடீஸ் ஃபுட்ரெஸ்ட். வேலை அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் விஷயம் தெரிந்த மெக்கானிக் இத்துடன் விடமாட்டார். வண்டியில் இரண்டு பேரை உட்காரச் சொல்லி, குதித்துக் குதித்து அழுத்தச் சொல்வார். சேலை கார்டு வண்டியின் சட்டத்தோடு நிற்கிறது. சக்கரமும் செயினும் ஷாக் அப்சார்பரோடு ஏறி இறங்குகின்றன. ஆளில்லாமல் நிற்கும்போது இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும், பாரம் ஏறிப் பள்ளத்தில் விழும்போது கீழ்க்கம்பி செயின் கவரில் உரசலாம். உரசினால் கம்பியை வெளியே வளைப்பார், அல்லது இன்னொரு வாஷர் கொடுத்துத் தள்ளி நிறுத்துவார். ஒரு மாதம் கழித்து நட்டை மீண்டும் முடுக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் எஞ்சின் அதிர்வில் கிளாம்ப் நெகிழும். வாடிக்கையாளர்கள் மறந்துவிடுகிற படி இதுதான். தெருவில் ‘கிணுகிணு’ என்று சத்தத்தோடு போகும் வண்டிகள் பலவற்றின் இசைக்குக் காரணமும் இதுவே.

ஸ்கூட்டருக்கு இந்தச் சிக்கல் குறைவு. லாம்பிரெட்டாவிலும், 1972இல் வந்த பஜாஜ் சேதக்கிலும் பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் தகரக் கவசம் மூடிவிடுகிறது. செயின் வெளியில் இல்லை. அகலமான தரைப்பலகை வேறு. நடுத்தரக் குடும்பங்கள் ஸ்கூட்டருக்காகப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததற்கு விலை, மைலேஜ் என்று பல காரணம் சொல்வதுண்டு. சேலை சிக்காது என்பதையும் அந்தப் பட்டியலில் முன்னால் சேர்க்கலாம்.

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆம்பூருக்கு மேற்கே, கிருஷ்ணகிரி தாண்டினால் ஓசூர். எண்ணெய், வண்டி, தோல் எல்லாம் ஒரே சாலையில் போய் வந்தன. அதே காலத்தில் தோல் தொழிலும் உருமாறிக்கொண்டிருந்தது. சீதாராமையா குழு 1972இல் அளித்த பரிந்துரையைத் தொடர்ந்து, பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு அடுத்த ஆண்டு முதல் கட்டுப்பாடு விதித்தது. முழுமையாக முடித்த தோல், பிறகு ஷூவின் மேல்பகுதி, பிறகு முழு ஷூ என்று ஆம்பூரும் ராணிப்பேட்டையும் நகர்ந்தன. தோல் ஷாப்பின் சுண்ணாம்புக் குழியில் ஆண்கள் வேலை அதிகம். ஷூ மேல்பகுதி தைக்கும் மேஜைகளில் உட்கார்ந்தது பெரும்பாலும் பெண்கள். கம்பெனி பஸ்ஸும் வேனும் கிராமங்களிலிருந்து அவர்களை அள்ளி வந்தன. பஸ் வராத ஊர்க்காரர்களையும் பஸ்ஸைத் தவறவிட்டவர்களையும் வீட்டு ஆண்கள் மொபெட்டின் பின்னால் உட்கார வைத்து கேட் வரை கொண்டு விட்டார்கள். சேலை கார்டும் ஃபுட்ரெஸ்ட்டும் இந்த ஊர்களில் அலங்காரப் பொருளாக இல்லாமல் போனதற்கு இந்தத் தினசரி ஓட்டம் ஒரு காரணம்.

மொபெட்டின் தரைப்பலகைக்கு வேறொரு வேலையும் இருந்தது. ஓட்டுபவரின் காலுக்கு என்று வைத்த இடத்தில் அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குடம் எல்லாம் ஏறின. கால்கள் வெளியே அகன்றன. பின்சீட்டைக் கழற்றிவிட்டுக் கம்பிக் கேரியர் வைத்தால் பாரவண்டி. உப்புத் தோல் ஏற்றும் வண்டி என்றால் தகடு சீக்கிரம் போகும். பச்சைத் தோல் அழுகாதிருக்கத் தூவும் உப்பு, தோலின் ஈரத்தை இழுத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக வடியும். பெயின்ட் உரிந்த இடத்திலும் வெல்டிங் வைத்த மூலையிலும் அந்த உப்புநீர் தேங்கி இரும்பைத் தின்னும். மழைநீர் வடியத் தகட்டில் ஓட்டை போட்டுக்கொள்வதும், ரப்பர் பாயை அவ்வப்போது தூக்கிக் கழுவுவதும் இதற்கான எளிய வைத்தியம். ரப்பர் பாய் அழகுக்குப் போடுவது. தகட்டைக் கெடுப்பதும் அதுவே, அடியில் ஈரம் அடைபட்டுக்கொள்வதால்.

பனி நாடுகளில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. கனடாவில் பொம்பார்டியே என்பவர் 1959இல் ‘ஸ்கி–டூ’ என்ற சிறிய பனிவண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சக்கரம் கிடையாது, முன்னால் சறுக்குப் பலகை, பின்னால் சுழலும் ரப்பர்ப் பட்டை. ஓட்டுபவர் கால் வைக்க இருபுறமும் நீளமான அலுமினியத் தகடு. அதில் பனி அப்பிக் கெட்டியாகி, பூட்ஸ் வழுக்கும். ஆகவே கம்பெனித் தகட்டின் ரிவெட்டுகளைத் துளைத்துக் கழற்றிவிட்டு, பெரிய துளைகளும் ரம்பப் பல் போன்ற விளிம்பும் கொண்ட வேறு தகட்டைப் பொருத்திக்கொள்கிறார்கள். பனி துளை வழியே கீழே விழும், பல் பூட்ஸைக் கவ்வும். ஆம்பூர் மெக்கானிக்குக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும். அவருடைய வாடிக்கையாளர் வெறுங்காலிலோ செருப்பிலோ வருகிறார், அதனால் இங்கே பல்லுக்குப் பதில் ரப்பர் வரி, அவ்வளவுதான் வேறுபாடு.

சட்டம் தாமதமாகத்தான் இதைக் கவனித்தது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்சீட்டு உள்ள மோட்டார் சைக்கிளுக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு ஆகியவை இல்லாமல் வண்டி தயாரிக்கக் கூடாது என்றது. பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்கக் கூடாது என்ற காரணமும் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பட்டறையில் பிறந்த ஓர் உதிரி நாட்டின் விதிப்புத்தகத்துக்குள் நுழைந்தது இப்படி. அதே சட்டத்தொகுதியின் இன்னொரு முனை எதிர்த்திசையில் இழுக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கார்களின் முன்னால் மாட்டும் கனத்த கம்பித் தடுப்புகளை இந்தப் பிரிவின்கீழ் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. மோதலில் அந்தக் கம்பி பாதசாரியை மோசமாகக் காயப்படுத்தும் என்பது நியாயமான வாதம். காலுக்கு வைத்த தகட்டையும் மோதலுக்கு வைத்த கம்பியையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. சாலையில் நிற்கும் அதிகாரியின் பார்வையில் இரண்டும் ‘எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்’ ஆகிவிடுவதுதான் சிக்கல்.

விதி வந்த பிறகு உடையும் மாறியது. சேலை கார்டின் கம்பிச் சட்டம், கீழே தொங்கும் கொசுவத்தைக் கணக்கில் வைத்து வரையப்பட்டது. துப்பட்டா தோளிலிருந்து காற்றில் பறந்து மேலே இருந்து விழும். புர்காவின் அகன்ற ஓரம் பின்னால் விரியும். உருது பேசும் குடும்பங்கள் நிறைந்த ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் இது அன்றாட விஷயம். சக்கரத்தின் கீழ்ப்பாதிக்குக் காவல் இருந்தும் மேலே மட்கார்டுக்கும் சீட்டுக்கும் நடுவே திறந்த இடத்தில் துணி சிக்கும் விபத்துகள் இன்னும் நடக்கின்றன. துணியை மடியில் இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருவதற்கு ஈடான உதிரியை எந்தக் கடையும் விற்கவில்லை. இருபுறமும் காலைப் போட்டு உட்காரும் பழக்கம் சுடிதாரோடு பரவியதும் லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் பல வண்டிகளில் மடக்கியபடியே துருப்பிடித்தது.

2001 முதல் ஆக்டிவா போன்ற கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பெருகின. பின்சீட்டில் இருந்தவர்கள் முன்சீட்டுக்கு வந்தார்கள். ஷூ கம்பெனி வாசலில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் பெண்கள் ஓட்டிச் செல்லும் வண்டிகள் இன்று சாதாரணக் காட்சி. 2021இல் ஆம்பியர் மின் ஸ்கூட்டர்களைத் தயாரிக்கும் ஆலை ராணிப்பேட்டையில் திறக்கப்பட்டது. வண்டியை வெளியிலிருந்து வாங்கி உதிரியை மட்டும் மாட்டிக்கொண்டிருந்த பகுதியில் வண்டியே செய்யத் தொடங்கினார்கள். தட்டையான தரைப்பலகை, பின்னால் அமர்பவருக்கு மடக்கும் ஃபுட்ரெஸ்ட் எல்லாம் கம்பெனியிலேயே வந்துவிடுகிறது. இருந்தும் புது வண்டி ஷோரூமிலிருந்து நேரே வீட்டுக்குப் போவதில்லை. பக்கத்துக் கடையில் நிறுத்தி, சீட் கவர், தரைக்கு ரப்பர் பாய், சுற்றிலும் எஸ்.எஸ். கம்பி கார்டு, அந்தக் கம்பியின் அடியில் இன்னொரு மிதிபடி என்று மாட்டிக்கொண்ட பிறகுதான் எலுமிச்சம்பழம் வைத்து நகர்த்துகிறார்கள்.